பின் இருக்கை

மகளுக்கு கார் பார்க்க புக்கிட் ரம்பாயில் ஒரு பழைய கார் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் இரண்டு கதவு காரின் முன் இருக்கையை டக்கென்று மடக்கி, "பின்னால ஏறுறது ஈசிதான்லா, ஆன்ட்டி," என்றார்.

எனக்கு எட்டு வயதில் அப்பாவிடம் அப்படியொரு கார் இருந்தது. முன்னால் எப்போதும் அவருடைய அக்கா, என் அத்தை, தைல வாசனையோடு உட்கார்ந்திருப்பார். அம்மாவும் நானும் குனிந்து பின்னால் நுழைவோம். வெயிலில் காய்ந்த ரெக்சின் தொடையில் ஒட்டும்.

ஒருநாள் செர்காமிலிருந்து திரும்பும் வழியில், நிறைமாதமாக இருந்த அம்மாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரி வாசலில் அத்தை இறங்கி வழிவிட்டார். அப்பா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"கொஞ்சம் குனிஞ்சு வாம்மா."

"முடியலங்க."

தம்பி அந்த இருக்கையிலேயே பிறந்தான். அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அந்த காரை விற்றுவிட்டு நான்கு கதவு கார் வாங்கினார். அதிலும் முன்னால் அத்தைதான் உட்கார்ந்தார். வீட்டில் யாரும் தம்பியைப் பற்றிப் பேசவில்லை.

"இது ஸ்டைலா இருக்குலா, அம்மா," என்றாள் மகள்.

"நாலு கதவு எடு."

"ஏன்?"

"ஏறி இறங்க வசதி," என்றேன்.