பிரிக்காத தந்தி

எங்க தெருவுல தந்தின்னா சாவு. வேற அர்த்தமே கிடையாது. பதுளைக் கடைத்தெருவுல யார் வீட்டு வாசல்ல தந்திக்காரன் நின்னாலும் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்பிடுவோம். மூணு கடை தள்ளி இருந்தவளுக்கு அப்படித்தான் ஒண்ணு வந்துச்சு. பத்தாம் நாள் அவ தாலியை இறக்கினாங்க. நானும் கூட நின்னு அழுதேன்.

என் வாசலுக்கு அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் திருச்சிப் பக்கம் எங்க ஊருக்குப் போய் ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. தூத்துக்குடியில கப்பலுக்குக் காத்திருக்கேன்னு ஒரு கடுதாசி போட்டார், அதோட சரி. கப்பலேற வந்த சனத்தை வாந்திபேதி வாரிக்கிட்டுப் போகுதுன்னு எங்க மளிகைக் கடைக்கு வர்ற தேயிலைத் தோட்டத்து ஆளுங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்குச் சோறு இறங்கல. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. எனக்குன்னு இந்தக் கண்டிச் சீமையில இருந்தது அந்த மனுசன் ஒருத்தர்தான்.

கடையாள் அன்னிக்கு ஹாலிஎலைக்குச் சாமான் கொண்டு போயிருந்தான். நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே இங்கிலீஷ்ல இருக்கும்னு தெரியும். எனக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். பள்ளிக்கூடத்து வாத்தியார் நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். போயிருக்கலாம். நான் போகல. கதவைச் சாத்திட்டு, பிரிக்காமலே கொண்டு போய் முருகன் படத்துக்கடியில சொருகினேன்.

"இந்தா, நீ படி. உனக்குத் தெரியாத பாஷையா? கெட்ட சேதியா இருந்தா மாத்தி வை. நீ மாத்துற வரைக்கும் நான் இதைத் தொட மாட்டேன்"னு சொன்னேன்.

சிரிக்காதீங்க. படிக்காத வரைக்கும் அவர் உயிரோடதான் இருக்கார்னு என் புத்திக்குப் பட்டுச்சு. படிச்சுட்டா அப்புறம் சாமியாலயும் ஒண்ணும் செய்ய முடியாதே!

அது வரைக்கும் நான் சாமி கும்பிட்ட லட்சணம் எனக்குத் தெரியும். கற்பூரத்தைக் காட்டி, கன்னத்துல போட்டுக்கிட்டு, பால் பொங்குதேன்னு அடுப்படிக்கு ஓடுறவ. இப்போ அந்தப் படத்து முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்தவ எழுந்திருக்கவே இல்ல. கெஞ்சினேன். திட்டினேன். எனக்கு வாய் நீளம், அவனையும் விட்டு வைக்கல. "ரெண்டு பொண்டாட்டிக்காரா, ஒருத்தன் பொண்டாட்டி தவிக்கிற தவிப்பு உனக்கு எங்கடா தெரியப் போகுது?"ன்னு கேட்டேன். அப்புறம் பயந்து போய் அழுதேன். அழுது அழுது ஓய்ஞ்ச பிறகு, எப்படிச் சொல்றது, அந்த அறையில ஒரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. பேசல. தொடல. ஆனா இருந்தான். அந்தச் சூடு எனக்குத் தெரிஞ்சுச்சு. நெஞ்சுல ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்குச்சு. புதன்கிழமை பகல்ல அங்கேயே, வெறுந்தரையில, பச்சைப் பிள்ளை மாதிரி தூங்கினேன்.

திரும்பி வந்த கடையாள், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டான். விரதம்னு சொல்லிட்டேன்.

வியாழக்கிழமை காலையில பண்டாரவளையிலிருந்து சரக்குக் கரத்தை, மாட்டு வண்டியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், வந்து கடை முன்னாடி நின்னுச்சு. ரயில் அப்போ பண்டாரவளை வரைக்கும்தான். அங்கேருந்து பதுளைக்கு எல்லாமே மாட்டுக் கரத்தையிலதான் வரணும். கரத்தைக்காரர் மூட்டையை இறக்கிக்கிட்டே கேட்டார்.

"ஏம்மா, ஐயாவுக்கு இன்னும் வண்டி அனுப்பலையா?"

"எந்த ஐயாவுக்கு?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? உங்க ஐயாதான். ஸ்டேஷன் கொட்டகையில கிடக்கார். நெருப்பாக் காயுது. செவ்வாய்க்கிழமையே ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடிச்சுத் தந்தி குடுத்துட்டாராம், வீட்டு வண்டி இப்ப வந்துடும்னு வழியையே பாத்துக்கிட்டிருக்கார். நான் சரக்கு ஏத்திட்டேன், இல்லாட்டி நானே கூட்டியாந்திருப்பேன்."

உயிரோட இருக்கார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. கரத்தைக்காரர் கையைப் பிடிச்சு ஆட்டினேன். அதுக்கப்புறம்தான் உறைச்சுது. செவ்வாய்க்கிழமை. நேத்து புதன். ரெண்டு நாளா அந்த மனுசன் பனியில, குளிர்ல, வண்டி வண்டின்னு கிடந்திருக்கார். நான் இங்கே நிம்மதியாத் தூங்கியிருக்கேன்.

படத்துகிட்டே ஓடினேன். "அடப்பாவி! ரெண்டு நாள் என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியே, எடுத்துப் படிடின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அன்னிக்கு விளக்கேத்தல.

கடையாள் வாடகைக்கு ஒரு கரத்தை பிடிச்சான். ஹாலிஎலை தாண்டி, தெமோதரை ஏத்தத்துல மாடு ரெண்டும் நுரை தள்ளிடுச்சு. மழை வேற. நான் இறங்கி நடந்தேன், கடையாளோட சேர்ந்து கரத்தையைப் பின்னாடி நின்னு தள்ளினேன். வாய் தானா 'முருகா'ன்னு ஆரம்பிக்கும். பல்லைக் கடிச்சு நிறுத்துவேன்.

பொழுது சாயுற நேரம் போய்ச் சேர்ந்தோம். சாக்கை விரிச்சுப் படுத்திருந்தார். கன்னம் ஒட்டி, மூச்சு விடுறப்போ நெஞ்சுல கரகரன்னு சத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"தந்தி எப்போ கிடைச்சுச்சு?"

"இன்னிக்குக் காலையிலதாங்க."

அப்படித்தான் சொன்னேன். யோசிக்கக்கூட இல்ல, பொய் முந்திக்கிட்டு வந்துடுச்சு.

"நான் நினைச்சேன். தந்தி ஆபீஸ்காரன் எங்கேயோ போட்டுட்டான். உன் கையில கிடைச்சிருந்தா நீ ஒரு நிமிஷம் தாமதிச்சிருப்பியா?"

பதுளை ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தார். டாக்டர், ஏன் முன்னாடியே கொண்டு வரலன்னு கேட்டார். எனக்கு முந்தி அவரே, திக்கித் திக்கி, தந்தி தாமதமாயிடுச்சு சார், இவ மேல தப்பு இல்லன்னு சொன்னார். என்னை விட்டுக் குடுக்காமலே போயிட்டார்.

தெரு பூரா வீட்டுக்கு வந்துச்சு. தந்தி ஆபீஸை வாயில வந்தபடி திட்டினாங்க. "நீ என்னடி செய்வே, சேதி தெரிஞ்ச நிமிஷமே ஓடினவளாச்சே"ன்னு என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. அந்த ஆறுதல்ல ஒரு சொட்டுகூட எனக்கு ஒட்டல. அதெல்லாம் தந்தி தாமதமாக் கிடைச்ச எவளுக்கோ சொன்ன ஆறுதல். நான் அவ இல்லையே.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு அந்த அறைக்குள்ள போனேன். படத்தைக் கழட்டிக் கொண்டு போய் ஆத்துல போடணும்னுதான் போனேன், சத்தியமா. கையை நீட்டினவ அப்படியே உட்கார்ந்துட்டேன்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானமே வந்துடுச்சுடா"ன்னு சொன்னேன்.

வாய்விட்டு அதைச் சொன்னது அன்னிக்குத்தான் முதல் தடவை. அவனுக்குத் தெரியாதா என்ன, கூடவே இருந்தவன்தானே. தெரிஞ்சுக்கிட்டே அவன் அந்த அறையை விட்டுப் போகல. மன்னிச்சேன்னும் சொல்லல, போடின்னும் சொல்லல. நான் அழுது முடியிற வரைக்கும் பக்கத்துல இருந்தான்.