மாட்டு டொக்டரின் நைதரசன்

உலையின் கதவைத் திறந்தபோது வில்லை கறுப்பாக இருந்தது. அதற்கு முன்பு செய்தவை எல்லாம் பச்சையாக வந்து என்னை அழவைத்தவை. யித்திரியம், பேரியம், செப்பு ஆகியவற்றின் பொடிகளைக் கலந்து, அரைத்து, அழுத்தி, மணிக்கணக்கில் சுட்டால் மீக்கடத்தி கிடைக்க வேண்டும்; சூட்டிலோ கலவையிலோ கொஞ்சம் பிசகினாலும் பச்சைதான். கறுப்பாக வந்தால் நம்பிக்கை வைக்கலாம். போதிய குளிரில் அது மின்சாரத்துக்குத் தடையே காட்டாது, தன் மேல் வைத்த காந்தத்தை அந்தரத்தில் நிறுத்தும். பல்கலைக்கழக இறுதி வருட ஆய்வுக்கு நான் காட்ட வேண்டியிருந்தது அந்த ஒரு காட்சியைத்தான்.

குளிருக்குத் திரவ நைதரசன் வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பித்தால் வழியிலேயே ஆவியாகிவிடும் என்று எங்கள் துறையில் ஒரு பயம். செலவைப் பற்றி அதைவிடப் பெரிய பயம். எங்கள் பக்கம் அதை எந்நாளும் கையில் வைத்திருந்தவர் வாழைச்சேனைப் பாதையில் அலுவலகம் வைத்திருந்த மிருக வைத்தியர். பசுக்களைச் சினைப்படுத்துவதற்கான காளை விந்து, சிறு குழாய்களில் அடைக்கப்பட்டு, அவருடைய நைதரசன் கொள்கலனுக்குள் உறைந்து கிடக்கும். ஊருக்கு அவர் மாட்டு டொக்டர். பெரிய வயதில்லை, எந்நேரமும் மோட்டார் சைக்கிளில் திரிவார், எதற்கும் சிரிப்பார். முதலில் போய்க் கேட்டபோதும் சிரித்தார். "மாட்டுக்கு வாற சாமான் மனிசருக்கும் உதவட்டுமே, வா புள்ள" என்றார்.

செய்முறைப் பரீட்சை அன்று காலை குடுவையோடு போனேன். அவர் சிரிக்கவில்லை. நைதரசன் கொண்டுவரும் லொறி அந்த முறை பிந்தியிருந்தது. கொள்கலனின் மூடியைத் திறந்து ஒரு மரக்கோலை உள்ளே விட்டு, எடுத்துக் காற்றில் ஆட்டினார். கோலின் அடியில் வெள்ளையாகப் படர்ந்த உறைபனிதான் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதற்குக் கணக்கு. அது கொஞ்சமாகவே படர்ந்திருந்தது.

"எடுக்கிறெண்டா எடு புள்ள. நான் வேணாமெண்டு சொல்லமாட்டன். ஆனா லொறி எப்ப வருமெண்டு எனக்குத் தெரியா. இதுக்குக் கீழ போனா உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் செத்திரும். மறுகா கேட்டு வாற சனத்துக்கு நான் என்னத்தச் சொல்ற?"

நான் எடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெளியே பால்மாடு வைத்திருக்கும் பெண் ஒருத்தி முறைக்குக் காத்திருந்தாள். டொக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரின் கண்முன்னே குடுவையை நிரப்பிக்கொண்டு நடக்க எனக்கு முகம் இருக்கவில்லை, அவ்வளவுதான். "லொறி வந்தா ஒரு டெலிபோன் கோல் எடுங்க டொக்டர்" என்று கேட்டேன். "ஓம், கட்டாயம்" என்றார்.

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பரீட்சகர் நல்ல மனிதர். கறுப்பு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளைக் காலை வரை விருந்தினர் விடுதியில்தான் தங்குவதாகவும், அதற்குள் நைதரசன் கிடைத்தால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்றும் சொன்னார். அன்று பின்னேரம் முழுக்கத் தொலைபேசியைக் கையை விட்டு இறக்கவில்லை. டொக்டரின் அலுவலகத்துக்கு நானாக எடுத்தபோது மணி அடித்து அடித்து ஓய்ந்தது. காலையில் பரீட்சகர் புறப்பட்டார். காட்டாததற்குப் புள்ளி இல்லை. முதலாம் வகுப்பு அதனால்தான் தவறியது, அதனோடு கிடைக்கவிருந்த விரிவுரையாளர் வேலையும் போயிற்று. அடுத்த வாரம் டொக்டர் கூப்பிட்டு, நைதரசன் நிறைய இருக்கிறது, வா என்றார். நான் போகவில்லை. மாரி தொடங்கியதும் வாவிக் காற்றின் ஈரம் குடித்து வில்லை மேசை லாச்சிக்குள்ளேயே உதிர்ந்தது. அது காந்தத்தைத் தூக்கியிருக்குமா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தி பிறகு வரும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். வரவில்லை. இப்போது நான் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அவற்றின் பெரிய காந்தமும் மீக்கடத்திதான். திரவ ஈலியத்தின் குளிரில் வேலை செய்கிறது. படித்தது வீண்போகவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்வா. நான் மறுப்பதில்லை.

போன மாதம் ஒரு வைத்தியசாலையில் வேலை முடித்து வெளியே வந்தபோது, ஸ்கேன் அறை வாசலில் மாட்டு டொக்டர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம், மோட்டார் சைக்கிளில் திரிந்த முதுகு இப்போது கணக்குத் தீர்க்கிறதாம். உலோகம் எதுவும் உள்ளே ஆகாது என்பதால் கழற்றிய கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டதும் சிரித்தார். பிறகு, கேட்காமலே சொன்னார்.

"நீ வந்து போன அண்டைக்குப் பின்னேரமே லொறி வந்திட்டுது புள்ள. உனக்குக் கோல் எடுக்கத்தான் நினைச்சன். சோதினை முடிஞ்சிருக்கும், இனி என்னத்துக்கு உன்ர மனத்த நோகப்பண்ணுவான் எண்டு விட்டுட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. பழைய கோபமல்ல, அந்த நிமிடத்தில் புதிதாகப் பிறந்தது. ஒரே ஒரு அழைப்பு. அன்று இரவு விடுதியில் பரீட்சகருக்கு இடியப்பமும் சொதியும் பரிமாறியதே நான்தான்.

உள்ளே அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர், போகாமல் நின்றார்.

"சோதினைக்கு வந்த ஆளும் அப்பவே போயிருப்பார்தானே?"

"ஓம் டொக்டர்" என்றேன். "அவர் பின்னேரமே போயிட்டார்."