மாதம்மாவின் கண்ணும் எங்கள் முகாம் ரிப்போர்ட்டும்

இலவச மருத்துவ முகாம் நடத்துவது ஒரு நாள் வேலை. நடத்தினோம் என்று நிரூபிப்பது அந்த மாதம் முழுக்க வேலை.

மாதக் கடைசியில் எக்ஸல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இன்னொரு கையால் டோட்டல் போடுகிற என் இனத்து மக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூர் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சமூக நலப் பிரிவில் இருக்கிறேன். லாபத்துக்கு நடத்தாத ஆஸ்பத்திரி என்பதால், ஊருக்கு இலவசமாக என்னென்ன செய்தோம் என்று வருஷா வருஷம் டிரஸ்டிகளுக்கும் ஆடிட்டருக்கும் காட்ட வேண்டும். முகாமுக்குப் பணம் தருகிற ஃபேக்டரிகளுக்கும் காட்ட வேண்டும். அந்தக் காட்டுகிற வேலைதான் என்னுடையது.

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் படித்தவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் ஃபேக்டரியில் அசெம்பிளி லைனில் நின்றேன். பாப்பா பிறந்த பிறகு நைட் ஷிஃப்ட் சரிப்படாமல் இங்கே வந்தேன். ஃபேன் காற்றில் உட்கார்ந்த வேலை, நடுநடுவே ஜீப்பில் ஊர் சுற்றலாம், ஜாலி என்று நினைத்தேன். ஜாலியாகத்தான் இருந்தது, நாட்றாம்பாளையத்து மாதம்மா எங்கள் முகாமுக்கு வரும்வரை.

பேனர் வந்த பிறகு

நாட்றாம்பாளையம் அஞ்செட்டி மலைப்பக்கம். அங்கே பள்ளிக்கூடத்தில் கண் முகாம். டாக்டர் வந்துவிட்டார், ஜனங்கள் வந்துவிட்டார்கள், பேனர் மட்டும் வரவில்லை. பணம் கொடுத்த கம்பெனியின் பெயர் போட்ட பேனர். அது வந்துகொண்டிருந்த ஜீப் மலைரோட்டில் பஞ்சர். எங்கள் தொழிலில் பேனர் இல்லாத முகாம் என்றால் நடக்காத முகாம். அது வந்து சேர்ந்தபோது பாதிப் பேருக்குப் பரிசோதனை முடிந்து மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க வாங்க, எல்லாரும் மறுபடி உக்காருங்க" என்று கூப்பிட்டு நானே வரிசை கட்டினேன்.

முதல் நாற்காலியில் மாதம்மா. ஐம்பதைத் தாண்டியவர், புருஷன் இல்லை, மகளைக் கர்நாடகாப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். காட்டோரமாகக் கொஞ்சம் ராகி நிலம், கூடவே சில ஆடுகள். இரண்டு கண்ணிலும் புரை. பொழுது சாய்ந்தால் தூரத்தில் இருப்பது பாறையா யானையா என்று தெரியவில்லை என்று டாக்டரிடம் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் அது விளையாட்டுப் பேச்சில்லை. ராகி கதிர் பிடித்தால் யானை இறங்கும்; தெரியாமல் கிட்டே போய்விட்டால் அவ்வளவுதான். வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

இப்போது போட்டோவுக்காக டாக்டர் மறுபடி டார்ச் அடித்தார். யாரோ ஒருவர் தலை கம்பெனி பெயரை மறைத்தது. இன்னொரு தடவை அடித்தார். நான், "சார், லேசா சிரிங்க" என்றேன். மாதம்மா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, குரல் வந்த திசையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "கண்ணு ரொம்ப மோசமாயிடுச்சுங்களா மேடம், டாக்டரு திரும்பத் திரும்பப் பாக்கறாரு?"

போன பஸ்ஸிலேயே திரும்பியது

ஆபரேஷனுக்கு எழுதினவர்களை எங்கள் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவோம். மாதம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார், ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். அது குறையாமல் கண்ணில் கை வைக்க முடியாது என்றார் டாக்டர். அது நியாயம்தான். முகாம் வழக்கப்படி அஞ்சு நாளைக்கு மாத்திரை கொடுத்தோம். அதென்ன அஞ்சு நாள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. ஆயுசுக்கும் போட வேண்டிய மாத்திரை என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மாமியாருக்கு மாதாமாதம் நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "மாத்திரையை ஒழுங்கா போடுங்கம்மா, அடுத்த முகாமுக்கு வருவோம்ல, அப்ப பாத்துக்கலாம்" என்று உற்சாகமாகச் சொன்னேன். உற்சாகமாகச் சொல்வதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. மாதம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அடுத்த முகாம் ராகி அறுப்புக்கு முன்னாடிங்களா, பின்னாடிங்களா மேடம்? முன்னாடிதானுங்க யானை வரும்."

ஒரு ஆள், பல தலை

அந்த மாத ரிப்போர்ட்டை வீட்டில் உட்கார்ந்து முடித்தேன், பாப்பா மடியில். எங்கள் முறை இதுதான்: கண் பார்த்தால் ஒரு பயனாளி. அதே ஆளுக்கு பி.பி. பார்த்தால் இன்னொரு பயனாளி. சர்க்கரை, சாப்பாட்டு ஆலோசனை, பஸ் பயணம், எல்லாவற்றுக்கும் தனித்தனித் தலை. இப்படிப் பார்த்தால் மாதம்மா ஒருத்தரே ஒரு சின்னக் குடும்பம். ஆபரேஷன் மட்டும் ஆகவில்லை, அதற்கான கட்டம் காலி. ஆனால் டோட்டல் பிரமாதமாக வந்தது.

என் வீட்டுக்காரர் வண்டிப் பாகங்கள் செய்கிற ஃபேக்டரியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பெருமையாக விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க கம்பெனியில ஒரே போல்ட்ட இத்தனை தடவை எண்ணுனா கேட்டுக்கு வெளிய தள்ளிடுவாங்க, உங்க ஆஸ்பத்திரியில இன்க்ரிமென்ட் குடுப்பாங்களாடி?"

பழைய முகம், புதிய பதிவு

அடுத்த முகாமுக்கும் மாதம்மா வந்தார். ராகி அப்போது இன்னும் கதிர் பிடிக்கவில்லை. எங்கள் ஷீட்டில் "ஏற்கெனவே வந்தவர்" என்று ஒரு கட்டம் கிடையாது. வருகிற எல்லோரும் புதியவர்கள். புதிதாகக் கண் பார்த்தோம், புதிதாகப் புரை கண்டுபிடித்தோம். பஸ் ஏற்றினோம். மாத்திரை தீர்ந்து பல வாரம் ஆகிவிட்டதால் சர்க்கரை அதே இடத்தில் நின்றது. மறுபடி அஞ்சு நாள் மாத்திரை, மறுபடி பஸ்.

அதற்கும் அடுத்த முகாமிலும் அப்படியே நடந்தது. மாதம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் எது சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பார். அதுதான் குத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்கு ரூல்ஸ் பேசி நிமிர்ந்து நின்றிருப்பேன். மலை ஏறி இறங்கி அலுத்துப்போன எங்கள் டிரைவர் மஞ்சுநாத் அண்ணன்தான், வண்டியில் ஏறும் மாதம்மாவுக்குக் கை கொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மேடம், இந்தம்மாவுக்கு நம்ம பஸ்ல சீசன் பாஸ் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க."

கறுப்புக் கண்ணாடி

பணம் தரும் கம்பெனி ஒரு "வெற்றிக் கதை" கேட்டது. ஒரு பக்கம், இரண்டு படம்: சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். எங்கள் மேனேஜர் சார் நல்ல மனிதர், பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் லீவு கேட்பதற்குள் கொடுத்துவிடுவார். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "அந்த மாதம்மா போட்டோ நல்லா இருக்கும்மா. ஆபரேஷன் எப்படியும் பண்ணத்தான் போறோம். கறுப்புக் கண்ணாடி மாட்டி இன்னொண்ணு மட்டும் எடுத்துட்டு வந்துடு" என்றார். நான் முடியாது என்று சொல்லவில்லை. ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு ஒரு கண்ணாடி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

மாதம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ராகிக் கொல்லை ரோலர் ஓட்டின மாதிரி கிடந்தது. யானை வந்து போயிருக்கிறது. கண் தெரியாமல் காவலுக்குப் போகப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். "பரவால்லீங்க, உசுரு இருக்குது" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. அப்போதாவது திரும்பியிருக்க வேண்டும். நான் கண்ணாடியை எடுத்து அவர் காதில் மாட்டினேன். வைத்தியம்தான் ஆரம்பித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என் பக்கம் திரும்பித் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இதப் போட்டா இன்னும் இருட்டா இருக்குதுங்களே மேடம்."

எங்கள் கேஸ்

போட்டோ எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்வி அக்கா வந்தார். வீடு வீடாகப் போய் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாதாமாதம் அரசு மாத்திரை கொடுக்கிறவர். தோளில் மாத்திரைப் பை. முகாமில் பார்த்துச் சிரித்திருக்கிறோம், பேசினதில்லை. அவரிடம் பேசினால் எங்கள் ஷீட்டில் எந்தக் கட்டமும் நிரம்பாதே.

"அக்கா, இந்தத் தெருவுல எல்லாருக்கும் குடுக்கறீங்களே, மாதம்மாவுக்கு மட்டும் ஏன்க்கா குடுக்கறதில்ல?" என்று கேட்டேன். கேட்ட தோரணையில் கொஞ்சம் அதிகாரம்கூட இருந்தது. செல்வி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "ஏம்மா, பேனரக் கட்டி போட்டோ எடுத்து பஸ்ல ஏத்திக்கினு போனது நீங்க; பெரிய ஆஸ்பத்திரி கேஸு, நாம தலையிடக் கூடாதுன்னு அந்த வீட்ட விட்டுட்டேன்."

யாருடைய ஆபரேஷன்

அந்த வாரத்திலிருந்து செல்வி அக்காவின் பையில் மாதம்மாவுக்கும் மாத்திரை இருந்தது. நான் செய்தது அந்த ஒரு பேச்சு மட்டும்தான். முதல் முகாம் அன்றைக்கே, டீ குடிக்கிற நேரத்தில் பேசியிருக்கலாம். சர்க்கரை மெல்ல இறங்கியது. எங்கள் அடுத்த முகாம் வரை காத்திருக்க வேண்டாம் என்று செல்வி அக்காவே கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

எங்கள் ஷீட்டில் மாதம்மா எத்தனையோ இடத்தில் இருந்தார், ஆபரேஷன் கட்டத்தில் மட்டும் இல்லை. மேனேஜர் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன், கண்ணாடி போட்டோ எடுக்காத விஷயத்தையும் சேர்த்து. இரண்டும் அவர் முகத்தில் தெரிந்தன, முதலில் சந்தோஷம், அப்புறம் கவலை. சொன்னார்: "ஆபரேஷன் அவங்களோடது, சரி, போகணும்கற எண்ணத்த உண்டாக்கினது நாமதானேம்மா, அதுக்கு ஒரு கட்டம் இருக்கான்னு பாரு."

மாதம்மா என்னைப் பார்த்தது

இல்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷீட்டில் "ஏற்கெனவே வந்தவர்" என்று ஒரு கட்டம் நானே சேர்த்தேன். பயனாளிகள் டோட்டல் சடாரென்று இறங்கியது. விளக்கம் கேட்டு மேலே இருந்து மெயில் வந்திருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் ஒரு நாள் லீவு போட்டு நாட்றாம்பாளையம் போனேன். ஜீப் இல்லை, பேனர் இல்லை, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் ஜோடித்து வைத்திருந்தேன். மாதம்மா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். "மாதம்மா, நான்தான், ஆஸ்பத்திரியிலிருந்து" என்றேன். திரும்பினார். கிட்டே வந்தார். தழையைக் கீழே போட்டுவிட்டு என் நெற்றி, மூக்கு, தோடு, இடுப்புப் பிள்ளை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். முதல் தடவையாக என்னைப் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மேடம்" எல்லாம் போன இடம் தெரியாமல், ஒரு பிடி பிடித்தார்: "அடிப்பாவி, இத்தினியூண்டு பொண்ணா நீயி? குரலக் கேட்டு கலெக்டர் ஆபீசு ஆளுன்னுல்ல பயந்துகினு இருந்தேன். தெரிஞ்சிருந்தா மொத பஸ்ஸுலயே உன்ன நாலு கேள்வி கேட்டு நாறடிச்சிருப்பேன்!"

எங்கள் முகாம்களால் மாதம் தவறாமல் பயனடைந்தவர் என்று யாரும் சந்தேகப்பட முடியாதபடி நிரூபிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான், சம்பளச் சீட்டு பத்திரமாக இருக்கிறது.