பதினான்கு கோப்பைகள்

என்னால் ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாது. சிட்னியில், ஹோம்புஷ்ஷில் இருந்து வேலைக்குப் போகும் ரயிலில்கூட இரண்டு ஸ்டேஷனுக்கு முன்னமே எழும்பிக் கதவடியில் நிற்பேன். அந்தக் கிழமை இன்னும் மோசம். எங்கள் பெண்கள் காப்பகத்தில் மனேஜர் வேலை காலியாக இருந்தது. வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். நிரப்பிய படிவம் பத்து நாளாகக் கணினியில் கிடந்தது. ஒரு பொத்தானை அமத்த வேண்டும், அவ்வளவுதான். எட்டு வருடம் அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்தவளுக்கு அது ஏலவில்லை.

"அனுப்பிட்டீரோ?" என்று காலையில் என் மனுசன் கேட்டார்.

"அனுப்புவன். நீங்கள் பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

ஜப்பானில் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்கள் சிலர் அப்போது தலைமைத்துவப் பயிற்சிக்காகச் சிட்னி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரை என்னோடு விட்டார்கள். அவருக்கும் ஐம்பதுக்குக் கிட்ட வயது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு ஊரில் ஒரு நிலையம் நடத்துகிறார். தலைவர் என்று பெயர் போட்டிருப்பது ஓர் ஆம்பிளைக்கு. கூட்டம் முடிந்தால் எல்லாருடைய கோப்பைகளையும் கழுவுவதும் தான்தான் என்றார். மற்றவர்களுடைய கதையும் அதேதான். அதனால் பயிற்சியாளர் இவர்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்: சிட்னியில் நிற்கும்வரை ஒருத்தரும் கோப்பையில் கைவைக்கக் கூடாது.

நல்ல சட்டம் என்று நானும் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டினேன். ஊருக்குப் போய் அந்தப் பதவியைக் கேளுங்கள் என்று புத்தியும் சொன்னேன். நீங்கள் கேட்டீர்களா என்றார். வேறு வழியில்லாமல், வேலையிடத்தில் யாருக்கும் சொல்லாத அந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நாலரைக்கு முடிந்தது. நான் வழக்கம்போல எழும்பி, பதினான்கு கோப்பைகளையும் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். பயம், வேறொன்றுமில்லை. கேட்டுக் கிடைக்காவிட்டால் எந்த முகத்தோடு வேலைக்கு வருவது?

அந்த ஜப்பானியப் பெண் வந்து மணிக்கூட்டைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்து, என் கையிலிருந்த கோப்பையை வாங்கினார்.

"நீங்கள் போங்கள். நான் கழுவுகிறேன்" என்றார், தன் நிதானமான ஆங்கிலத்தில்.

ஈரக் கையோடு ஓடினேன். பொத்தானை அமத்தியபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

திங்கட்கிழமை பயிற்சியின் கடைசிக் கூட்டம். எங்கள் டைரக்டரும் இருந்தார். சட்டத்தை யாராவது மீறினீர்களா என்று பயிற்சியாளர் கேட்டார். என்னோடு விட்ட அந்த ஜப்பானியப் பெண் மட்டும் கையை உயர்த்தினார். எத்தனை கோப்பை என்றும் சொன்னார். ஏன் என்றதற்குத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். பழக்கம் லேசில் போகாது என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ரகசியத்தைக் காப்பாற்ற இவர் தலைகுனிகிறார், நான் கல்லுப்பிள்ளையார் மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழும்பினேன்.

"அதெல்லாம் நான் கழுவ எடுத்த கோப்பைகள்," என்றேன். "மனேஜர் வேலைக்கு நான் விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்றுதான் இவர் கழுவினார்."

டைரக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் திரும்பக் கதிரையில் அமர்ந்தேன்.

கூட்டம் முடிந்தது. மேசை நிறையக் கோப்பைகள். என் கால் மேசைக்கடியில் துடித்தது. பக்கத்திலிருந்த ஜப்பானியப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் எழும்பவில்லை. கடைசியில் டைரக்டர்தான் கோப்பைகளைப் பொறுக்கினார்.