கிளட்சுக்கு ஒரு கை

இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி கிளட்ச் மிதியின் மேல் வைத்து, முழங்காலை உள்ளங்கையால் அழுத்துவார் பல்செட்டு அக்கா. மிதி என்னவோ இறங்கும். ஆனால் கியர் போட வேண்டிய கை முழங்காலில் மாட்டிக்கொண்டிருக்கும். மற்ற கையைக் கொண்டுவந்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆளில்லை. தினமும் வேலைக்குக் கிளம்புமுன், வாசலில் நிற்கும் வண்டிக்குள் இந்தக் குஸ்தி நடக்கும். "இன்னிக்கும் ஒரு கை குறையுது" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்குவார்.

பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுக்குப் பொய்ப்பல் கட்டுவது அக்காவின் பிழைப்பு. சின்ன அறை, மேசை விளக்கு, புருவம் வரை அப்பிய வெள்ளைத் தூள். சிறு வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. வாயை ஒன்றும் செய்யவில்லை. வேலை பற்றிக் கேட்டால், "பல்லு அழகா இருந்து என்ன பண்ண? மெல்ல முடியணும்ல?" என்பார்.

அப்படிப்பட்டவர் வாங்கியதோ இரண்டே இருக்கை கொண்ட பழைய பந்தயக் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பச்சை நிறம் வெயிலில் வெளுத்து, முன்மூடியில் தேமல் படர்ந்திருக்கும். கிளட்ச் இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "மனசுக்குப் பிடிச்சதுக்குக் காரணம் கேட்டா, உங்க கல்யாணத்துக்கும் கேப்பேன்" என்றார் அக்கா.

வண்டி வந்த நாளிலிருந்து இரண்டு கட்சிகள். அக்காவின் தம்பிக்கு அதைக் கன்னங்கரேலென்று மாற்றி, பின்னால் இறக்கை வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி உறும விட வேண்டும். வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக்கோ ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது. கையைத் துடைக்காமல் அதைத் தொடவே மாட்டார். அக்கா இருவரையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "வெளிய அதோட இஷ்டம். உள்ள என் இஷ்டம்." பெயின்ட் கிடையாது. ஆனால் கியரோடு சேர்த்துப் பிடித்து இழுத்தால் கிளட்ச் இறங்குகிற மாதிரி ஒரு கைப்பிடி வேண்டும். ஒரே தீர்ப்பில் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளத் தனித் திறமை வேண்டும். அக்காவிடம் அது தாராளமாக உண்டு.

கைப்பிடி தயாரான பிறகுதான் சிக்கல். அதன் கம்பி போக, வண்டியின் தரையில் ஓட்டை போட வேண்டும்.

"முப்பது வருஷமா ஒரு ஓட்டை விழாத வண்டி, அக்கா. என் கையால போட மாட்டேன்" என்றார் மெக்கானிக். "தம்பி ஓட்டட்டும். நீங்க ராணி மாதிரி பக்கத்துல உக்காந்து வாங்களேன்."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாப்பத்தாறு வருஷமா ராணியாத்தான் இருக்கேன். அலுத்துப்போச்சு. அந்த ஓட்டை போடுற மிஷினை இப்படிக் குடுங்க."

கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பட்டறைத் தரையில், வண்டியின் திறந்த கதவோரம் உட்கார்ந்தார். கால்விரிப்பை மடித்து, விரலால் தடவி, ஓர் இடத்தில் துளைமுனையை வைத்தார். பார்க்கச் சகிக்காமல் திரும்பி நின்றுகொண்ட மெக்கானிக், மிஷின் சத்தம் கேட்டதும் பதறித் திரும்பினார்.

"ஐயோ, அங்க இல்லக்கா! கீழ பிரேக் குழாய் போகுது. ரெண்டு விரக்கடை இந்தப் பக்கம்."

"இங்கயா?"

"ம்... அங்கதான்" என்றார், உயிலில் கையெழுத்துப் போடுகிற குரலில்.

அக்கா அழுத்தினார். சுருள் சுருளாக இரும்பு வந்தது. ஓட்டை விழுந்ததும் அதன் ஓரத்தை அவரே அராவி வழவழப்பாக்கினார். கம்பியை மெக்கானிக் வாங்கிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தார். மாலைக்குள் எல்லாம் பூட்டியாயிற்று. இழுத்துப் பார்த்தார்கள். மிதி தானே அமுங்கி எழுந்தது.

வீட்டுக்குப் புறப்பட வேண்டியதுதான். எங்கே போனாலும் அக்காவை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டே பழகிய தம்பி, சாவியும் கையுமாக வந்து, ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். அக்கா அவன் முன்னால் போய்க் கையை நீட்டினார். அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. சாவி கைக்கு வந்ததும், மறுபக்கத்துக் கதவை முகவாயால் காட்டினார்.