திருப்பத்தில் பதியாத கால்

மே 17, ஞாயிற்றுக்கிழமை. மாரத்தான் ஓட்டம்; நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தொடக்கம் காலை ஐந்தரை மணி. பத்து மணிக்கு வெப்பநிலை 43 டிகிரி. பதிவு செய்தோர் 418. முடித்தோர் 61. மறுநாள் வெளியான திருத்தப்பட்ட முடிவில் முடித்தோர் எண்ணிக்கை 60 ஆனது.

நீக்கப்பட்டவர், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளை இயந்திரம் இயக்கும் நாற்பத்து நான்கு வயதுப் பெண். அவருடைய கணவர் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகர். நடத்துநர்கள் அவருக்கு இட்ட பெயர் 'எக்ஸ்ரே'.

எக்ஸ்ரே பேருந்தில் ஏறினால் சீட்டைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்ப்பார். தூங்குவதுபோல் கண்ணை மூடியிருப்பவரையும், கேட்டால் கண்ணைச் சிமிட்டுபவரையும், ஜன்னல் வழியே அளவுக்கு மீறி இயற்கையை ரசிப்பவரையும் முதலில் பிடிப்பார். இருபது ஆண்டுப் பழக்கம் சீருடையோடு கழன்றுவிடுமா? வீட்டிலும் தொடர்ந்தது. குளியலறை வாசலில் கிடக்கும் கறுப்பு ரப்பர் கால்மிதி அவருடைய அக்கா வாங்கித் தந்தது. குளித்துவிட்டு வரும் மனைவி அதை ஒருநாளும் மிதிப்பதில்லை, தாண்டித்தான் வருகிறாள் என்பதை அவர் கவனித்திருந்தார். நாத்தனார் மேலுள்ள கடுப்பு என்று தீர்ப்பெழுதி மனத்துக்குள் பூட்டியும் வைத்துவிட்டார்.

நாள் முழுக்க நின்று நின்று கால் மரத்துப்போகிறது என்று நான்காண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேலை முடிந்து ஓடியே வீட்டுக்கு வந்தாள் மனைவி. "டிக்கெட் எடுக்காம வர இப்படியும் ஒரு வழியா?" என்றார் கணவர். பிறகு அதுவே வழக்கமானது. வெயிலில் ஏன் வேகிறாய் என்று கேட்டால், "எங்க மெஷின் முன்னாடி ஒருநாள் நின்னு பாருங்க. அப்புறம் வெயில்லாம் ஏசி மாதிரி இருக்கும்" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் சுருண்டு விழுந்த சாலையில் அவள் ஓடி முடித்தாள். அவளுடைய தங்கை எடுத்த காணொளியில், முடிவுக் கோட்டருகே ஒரு கணம் தயங்கி, பிறகு ஒரே துள்ளாகத் துள்ளிக் கடந்தாள். "சந்தோஷத்துல எப்படிக் குதிக்கிறா பாருங்க அத்தான்!" என்று தங்கை அதைத் தெரு முழுக்கக் காட்டினாள்.

மறுநாள் அமைப்பாளர்கள் அழைத்தார்கள். ஓடுபவர் காலணியில் ஒரு மின்னணுச் சில்லு கட்டப்பட்டிருக்கும். சாலைக்குக் குறுக்கே கிடக்கும் ரப்பர் விரிப்பைக் கடக்கும்போது நேரம் பதிவாகும். தொடக்கத்தில் ஒன்று, பாதிவழித் திருப்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. திருப்பத்தில் அவள் கடந்ததாகப் பதிவில்லை. அதாவது, அதற்கு முன்பே திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் சான்று தராவிட்டால் நீக்கம் உறுதி.

"திருப்பத்துல நட்டிருந்த கம்பத்தைச் சுத்தித்தாங்க வந்தேன்" என்றாள் கணவரிடம்.

"அங்க ஏதோ விரிப்பு இருந்துச்சாமே?"

"ஞாபகம் இல்ல. தலையில தண்ணி ஊத்துனாங்க. ஓடினேன். அவ்வளவுதான்."

டிக்கெட் எடுத்தேன் சார், எங்கே வைத்தேன் என்றுதான் ஞாபகம் இல்லை: எக்ஸ்ரேவின் காது இதே ராகத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறது.

"ஊர் என்ன வேணா பேசட்டும். நீங்க நம்புறீங்களா?"

"நம்பலைன்னு நான் எங்க சொன்னேன்?"

"நம்புறேன்னும் சொல்லலையே."

அவள் வேலைக்குப் போன பிறகு காலணிகளை எடுத்துப் பார்த்தார். ஓரங்களில் செம்மண் ஒட்டியிருந்தது. ஓட்டப் பாதை முழுவதும் தார்ச்சாலை. குறுக்கு வழியா? காலணிகளை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தார். திருப்பத்துக்கு எதிரே ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அங்கே கேமராவும் உண்டு. போனால் தெரிந்துவிடும். போய்ப் பார்த்து, அவள் அதில் இல்லாமல் போனால்? ஊரார் சட்டைப்பையைத் துழாவத் தயங்காத மனிதர், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். புதன்கிழமை அவர் ஏறிய பேருந்தில் அவளும் இருந்தாள். கேட்காமலே சீட்டை நீட்டினாள். பழக்க தோஷம், அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"சார், வீட்டம்மாவுக்குமா?" என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது. அவள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை. குளித்து முடித்துக் கதவைத் திறந்தவள், ஒரு கணம் தயங்கி, கால்மிதியைத் தாண்டிக் குதித்தாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரேவின் கை நின்றது. இதே தயக்கம், இதே துள்ளல். எங்கே பார்த்தோம்?

"அதை ஏன் தாண்டுற?"

"எதை?"

"கால்மிதியை."

குனிந்து பார்த்தாள். "தாண்டினேனா? கால் ஈரமா இருக்கே. ஈரக் காலோட கறுப்பு ரப்பரை யாராவது மிதிப்பாங்களா?"

சலவைக்கூடத்தில் மின்சாரப் பலகைக்கு முன்னால் கிடப்பதும் கறுப்பு ரப்பர் விரிப்புத்தான். ஒருமுறை அதன் கிழிசலுக்கு அடியில் கம்பியிலிருந்து மின்சாரம் கசிந்து, ஈரக் காலோடு மிதித்த ஒருத்தி தூக்கி எறியப்பட்டாள். அன்றிலிருந்து ஈரக் கால் விரிப்பைச் சுற்றித்தான் போக வேண்டும். மறந்தால் கூடமே கத்தும். சாப்பாடு கொடுக்கப் போன ஒரு மழைநாளில் அவரே அந்தக் கத்தலை வாங்கியிருக்கிறார்.

"திருப்பத்துல தண்ணி ஊத்துனாங்கன்னு சொன்னியே..." என்றார் மெதுவாக.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

காணொளியை மறுபடி ஓட்டினார். முடிவுக் கோட்டுக்கு முன் குழாயால் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், இருபுறமும் தடுப்பு, சுற்றிப் போக வழியில்லை. அதனால் தாண்டினாள். சில்லுக்கு அது போதும், பதிந்துவிட்டது. தொடக்கத்திலோ கால் காய்ந்திருந்தது.

பெட்ரோல் பங்குக்கு நேரில் போனார். சாலையோரத்துச் செம்மண்ணை முதலில் பார்த்தார். பிறகு கேமராப் பதிவை. சொட்டச் சொட்ட வருகிறாள். விரிப்பு தெரிந்ததும் தாரைவிட்டு விலகி மண்ணில் இறங்குகிறாள். கம்பத்தைச் சுற்றி, மண்ணிலேயே திரும்பி, மறுபடி தாரில் ஏறுகிறாள்.

"திரும்பப் போடுங்க."

"ஒருதடவை பார்த்தாப் போதாதா சார்?"

"எனக்குப் போதாது." வேறு யாராவது அவள் சாயலில் ஓடியிருக்கலாமே? மார்பிலிருந்த எண்ணையும் சரிபார்த்த பிறகே பிரதி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அதைக் காட்டியபோது அவள் படத்தைப் பார்க்கவில்லை. "அப்போ, கேமரா சொல்லித்தான் நம்புனீங்க."

"இல்ல. கால்மிதி சொல்லி நம்பினேன். கேமரா மாரத்தான் ஆபீஸுக்காக."

அவர் பயணிகளைப் பார்ப்பதுபோல அவள் அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "கண்ணைச் சிமிட்டுறீங்களே" என்றாள். பிறகு எழுந்து காலணியின் செம்மண்ணைத் தட்டத் தொடங்கினாள்.

சனிக்கிழமை இறுதி முடிவு வெளியானது. முடித்தோர்: 61.