பத்தாயிரத்து ஒன்றும் ஜெபசுந்தர் சாரும்

ஜெபசுந்தர் சாருக்கு மஹ்ரீன் டீச்சர் மேல் பொறாமை. சுற்றிவளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பச்சைப் பொறாமை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அறிவியல் நோட்டுத் திருத்தும் எனக்கே அதன் சூடு அடிக்கும்.

விஸ்வநத்தம் பக்கம் எங்கள் பள்ளி. அங்கே கணக்கு என்றால் சார்தான். எந்த வண்டி நம்பரைச் சொன்னாலும் அது எதால் வகுபடும், வகுபடாத பகா எண்ணா என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பார்கள். போன ஜூனில் மஹ்ரீன் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. சாரிடம் இருந்த கணித மன்றப் பொறுப்பும் அவருக்கே போகும் என்று பேச்சு. சாருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் சிரித்துச் சிரித்தே கணக்கு நடத்துகிறது, எனக்கென்ன சிரிக்கத் தெரியாதா என்று என்னிடம் கேட்டார். நான் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆண்டு விழாவுக்குப் பட்டாசு கம்பெனிக்காரர் ஒருவர் பத்தாயிரம் வெடிச் சரம் தருவதாகச் சொன்னார். நல்ல காரியம் பூஜ்யத்தில் முடியக்கூடாதே என்று அவரே ஒரு வெடி கூடச் சேர்த்துப் பின்னச் சொன்னார். பத்தாயிரத்து ஒன்று. சாருக்கு முகம் மலர்ந்தது. நூற்றொன்று பகா எண், இதுவும் அப்படித்தான் இருக்கும். மேடையில் இதைச் சொல்லி அசத்தினால் மன்றம் கைவிட்டுப் போகாது.

ஆனாலும் சரிபார்க்காமல் பேசுகிற ஆள் இல்லை. நூறுக்குள் இருக்கும் பகா எண்கள் எதுவும் வகுக்காவிட்டால் போதும். ஆசிரியர் அறைப் பலகையில் இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எழுபத்தொன்றுக்கும் மீதி வந்தது. அந்நேரம் வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நடுவில் மஹ்ரீன். சார் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். மணி அடிக்கிறவரை அங்கேயே நின்று வெந்தார். இதற்கு மேல் எங்கே வகுபடப் போகிறது என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

விழாவில் மைக்கைப் பிடித்து, பத்தாயிரத்து ஒன்று பகா எண், நம் பள்ளி மாதிரி, யாராலும் பிரிக்க முடியாது என்றார். ஒரே கைதட்டல். சரம் வெடித்து முடிந்ததும் மஹ்ரீன் தலைமையாசிரியையிடம் போய், மன்றம் சாரிடமே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். மேடையிலேயே அறிவித்தார்கள். சாருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பலகையைத் துடைக்கப் போனவர், சும்மா அடுத்த எண்ணான எழுபத்து மூன்றைப் போட்டுப் பார்த்தார். மீதியே வரவில்லை. நூற்று முப்பத்தேழு தடவை சுத்தமாகப் போனது. முகம் செத்துப்போய் மஹ்ரீனிடம் போனார். முன்வரிசையில் இருந்த உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று கேட்டார்.

"பலகையில எழுபத்தொண்ணோட நின்னுருந்துச்சு சார். நீங்க பேசயில அடுத்ததை மனசுல போட்டுப் பாத்தேன். அம்புட்டு சந்தோசமா இருந்தீக, சொல்ல மனசு வரல."

சார் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடையில என் மானத்த வாங்கியிருந்தா, கெட்ட பொண்ணுன்னாவது சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன். கணக்கும் தெரியுது, நல்ல மனசும் இருக்குது. நான் எதைச் சொல்லி வயிறெரிய?"